கம்பளிக்கு யாரும் கொசுவம் வைக்கல

போன செமஸ்டர் பரீட்சைக்கு முந்தின கிழமை. விடுதிப் பொது அறையில் ஒரு லெப்டொப்பைச் சுத்தி நாங்க அஞ்சு பேர். எடின்பரோ கோட்டை முற்றத்தில் நடக்கிற இராணுவ இசை அணிவகுப்பு ஓடிக்கொண்டிருந்தது. நான்தான் போட்டேன். கோட்டை வாசல் இருட்டிலிருந்து பைப் வாசிக்கிறவர்கள் வரிசை வரிசையாக வெளியே வருகிறார்கள், தோளில் டார்ட்டன் துணி, இடுப்பில் கில்ட், அத்தனை பேருடைய கில்ட்டும் ஒரே தாளத்துக்கு ஒரே பக்கம் ஆடுகிறது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அதை ஏன் மறைக்க?

முதலாமவன் சொன்னான்: "என்ன மச்சான் இது, ஆம்பளைங்க பாவாடை கட்டிக்கிட்டு."

வரலாறு விசேட கற்கை செய்கிற இரண்டாமவன்: "எல்லாம் இன்வென்டட் ட்ரடிஷன்டா. ஒரு இங்கிலீஷ்காரன் தைச்ச உடுப்பு. இதுல ஒழுங்கா உடுத்தினா என்ன, உடுத்தாட்டி என்ன?"

மூன்றாமவன் மெதுவாகத்தான் சொன்னான், ஆனால் அதுதான் குத்தியது: "ஒங்க பாட்டிய பெரட்டுல நிக்க வச்சவனோட உடுப்பு இது. அதப் பாத்து நீ வாயப் பொளந்துக்கிட்டு இருக்க. அடிமைப் புத்தி."

அன்றைக்கு நான் பதில் சொல்லவில்லை. பரீட்சை இருந்தது. இப்போ சொல்றேன்.

பாவாடைக் கதையை முதல்ல முடிச்சிடுவோம். அதைச் சொன்னவன் அந்த நேரம் சாரம் கட்டிக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தான். தைத்து மூட்டிய ஒரு துணியை இடுப்பில் சுற்றி முடிந்துகொண்டு, இடுப்பில் துணி சுற்றிய இன்னொரு ஆணைப் பார்த்துச் சிரிக்கிற தைரியம் நம்ம நாட்டு ஆம்பளைகளுக்கு மட்டும்தான் வரும். இதற்கு மேல் இதைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை.

இரண்டாமவன்தான் என்னுடைய உண்மையான எதிரி. ஏனென்றால் அவன் வாசித்தவன். பாதி வாசித்தவன். எங்கள் கலைப்பீடத்தில் ஹொப்ஸ்போமும் ரேஞ்சரும் தொகுத்த அந்தப் புத்தகத்தின் முன்னுரை போட்டோகொப்பி ஒவ்வொரு பெட்ச்சுக்கும் கைமாறும். 1983இல் வந்த புத்தகம். அதில் ஹியூ ட்ரெவர்-ரோப்பர் எழுதிய ஹைலண்ட் மரபு பற்றிய கட்டுரையும் இருக்கிறது. அதிலிருந்து நம்ம ஆட்கள் மனப்பாடம் செய்துகொள்வது ஒரே ஒரு விஷயம்: ரோலின்சன் கதை. தோமஸ் ரோலின்சன் என்ற இங்கிலாந்து இரும்பு உலைக்காரர், குவேக்கர் சமயக்காரர், 1720களில் கிளென்கரி பக்கம் காட்டைக் குத்தகைக்கு எடுத்து உலை வைக்கிறார். அங்கே வேலைக்கு வந்த ஹைலண்ட்காரர்கள் உடம்பு முழுக்கச் சுற்றியிருந்த பெரிய போர்வைத் துணி வேலைக்கு இடைஞ்சலாக இருக்க, இடுப்புக்குக் கீழ்ப் பாதியை மட்டும் தனியாக வெட்டி, மடிப்புகளைத் தைத்து நிறுத்தினார். அதுதான் இன்றைய கில்ட். இந்தக் கதைக்கு முக்கிய ஆதாரம் 1768இல் எழுதப்பட்ட ஒரு கடிதம். அதை ஏற்காத ஆய்வாளர்களும் இருக்கிறார்கள்.

சரி, கதை முழுக்க உண்மை என்றே வைத்துக்கொள்வோம். ரோலின்சன் வெட்டிய அந்தப் பெரிய துணி யாருடையது? அதை அவர் கண்டுபிடிக்கவில்லையே. ட்ரெவர்-ரோப்பரும் அப்படிச் சொல்லவில்லை. அது ஏற்கெனவே அந்த மலைக்காரர்களின் துணி. பகலில் உடுப்பு, மழையில் தலைக்கு மூடி, இரவில் படுக்கை. பிளெய்ட் என்கிற சொல்லே கேலிக் மொழியில் போர்வையைத்தான் குறிக்கும். (அமெரிக்காவில் பிளாட் என்று உச்சரித்து கட்டம்போட்ட டிசைனைச் சொல்வார்கள். ஸ்கொட்லாந்தில் பிளெய்ட் என்றால் தோளில் போடுகிற அந்தத் துணியேதான். இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு இணையத்தில் சண்டை போடுகிறவர்கள் ஏராளம்.)

இன்னொன்று. எல்லாமே கட்டுக்கதை என்றால் 1746இல் அரசாங்கம் எதைத் தடை செய்தது? கலொடனில் ஜேக்கபைட் படை தோற்ற அதே வருடம், ஸ்கொட்லாந்தில் ஆண்களும் பையன்களும் ஹைலண்ட் உடுப்பு போடக்கூடாது என்று லண்டன் பாராளுமன்றம் சட்டம் போட்டது. கில்ட், பிளெய்ட் என்று பெயர் சொல்லித் தடை. முதல் தடவை பிடிபட்டால் ஆறு மாதச் சிறை. மறுபடி பிடிபட்டால் ஏழு வருடம் கடல் கடந்த பிளான்டேஷனுக்கு நாடு கடத்தல். அந்தக் காலச் சட்ட மொழியில் அந்தச் சொல் குடியேற்ற நாடு என்ற அர்த்தத்தில் வருகிறது, தெரியும். ஆனாலும் தோட்டத்தில் பிறந்த நான் அந்த வரியில் கொஞ்ச நேரம் நின்றேன். தடை 1782 வரை, 36 வருடம் இருந்தது. விலக்கு அரசனுடைய படையில் சேர்ந்தவனுக்கு மட்டும். உன் பாட்டனின் உடுப்பை நீ போட வேண்டுமா, எங்களுக்காகத் துப்பாக்கி தூக்கு. அவ்வளவுதான் பேரம். ஹைலண்ட் ரெஜிமெண்டுகளுக்கு கில்ட் எப்படி ஒட்டிக்கொண்டது என்று கேட்கிறவர்கள் இங்கே இருந்து தொடங்க வேண்டும்.

தடை போய் 40 வருடம் கழித்து வந்ததுதான் பெரிய கூத்து. 1822 ஓகஸ்ட், நாலாம் ஜோர்ஜ் எடின்பரோவுக்கு வருகிறார். வரவேற்பு முழுக்க நாவலாசிரியர் வோல்டர் ஸ்கொட்டின் ஏற்பாடு. ஹைலண்ட் தலைவர்கள் எல்லாரும் ஆட்களைக் கூட்டிக்கொண்டு டார்ட்டனில் வர வேண்டும் என்று அழைப்பு. அரசனும் தனக்கு ஒரு முழு செட் தைக்கக் கொடுத்தார். பில் 1,354 பவுண். ஹோலிரூட் மாளிகையில் கில்ட்டோடு வந்து நின்றார் (தலவாக்கலைப் பக்கம் அதே பெயரில் ஒரு தோட்டம் இருக்கிறது, வாசிக்கிறவர்களில் சிலருக்கு அது சொந்த விலாசமாகவே இருக்கலாம்). நல்ல பருமனான மனுஷன், கில்ட் முழங்காலுக்கு மேலே ஏறி நிற்கிறது, வெறுங்கால் தெரியக்கூடாது என்று தோல் நிறத்தில் இறுக்கமான கால்சட்டை உள்ளே. வந்திருந்த சீமாட்டி ஒருவர், அரசர் கொஞ்ச நாள்தானே இருக்கப் போகிறார், எவ்வளவுக்குக் கூடத் தெரிகிறதோ அவ்வளவுக்கு நல்லது என்ற மாதிரி சொன்னதாகக் கதை. பிறகு ஓவியர் டேவிட் வில்கி அந்தக் காட்சியை வரைந்தபோது அரசனை மெலியவைத்து, கில்ட்டையும் ஒழுங்கான நீளத்துக்கு இறக்கிவிட்டார். அந்தக் காலத்து ஃபில்டர்.

அந்த நிகழ்வைச் சுற்றி நின்ற தலைவர்கள் யார்? அலஸ்டர் மெக்டொனல் ஒஃப் கிளென்கரி என்று ஒருவர். ரெய்பர்ன் வரைந்த அவருடைய படம் பிரபலம், தலை முதல் கால் வரை டார்ட்டன், கையில் துப்பாக்கி, ஏதோ மலையே தன்னுடையது என்ற மாதிரி நிற்பார். மலை அவருடையதுதான், பிரச்சினையே அது. 1815இல் 'உண்மையான ஹைலண்டர்கள்' என்று சங்கம் வைத்தவர். இதே ஆளுடைய நிலத்திலிருந்து குடியானவர்கள் வெளியேற்றப்பட்டார்கள். வடக்கே சதர்லாண்டில் 1814இல் ஸ்ட்ராத்னேவர் பள்ளத்தாக்கைக் காலி பண்ணி ஆட்டுப் பண்ணைக்குக் கொடுத்தார்கள். ஆட்கள் திரும்பி வராமல் இருக்க வீட்டுக் கூரைக்கு நெருப்பு வைத்தார்கள். பொறுப்பாக நின்ற பெட்ரிக் செல்லர் மீது வழக்கு நடந்து 1816இல் விடுதலையாகி வந்தார். அதாவது, போர்வையைப் போர்த்திக்கொண்டிருந்தவன் கப்பல் ஏறிக்கொண்டிருந்த அதே வருடங்களில், அவனைத் துரத்திய பிரபு அந்தப் போர்வையைப் பட்டும் வெள்ளிப் புரூச்சும் வைத்துத் தோளில் குத்திக்கொண்டு அரசன் முன்னால் அணிவகுத்தான்.

இதுதான் நடந்தது. ஆகவே, "கண்டுபிடிக்கப்பட்ட மரபு" என்று சொல்லிவிட்டு லெப்டொப்பை மூடுவது வாசித்த அறிகுறி இல்லை, வாசிப்பை நிறுத்திய அறிகுறி. யார் கண்டுபிடித்தார், யாரிடமிருந்து எடுத்தார், எடுத்துக்கொண்டிருக்கும்போது அந்த ஆள் எங்கே போனான்? கேள்விகள் அங்கேதான் தொடங்குகின்றன. குலத்துக்கு ஒரு டார்ட்டன் என்பது பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டு வேலைதான், ஒத்துக்கொள்கிறேன். 1815இல் லண்டன் ஹைலண்ட் சங்கம் தலைவர்களிடம் உங்கள் குல டார்ட்டனை அனுப்புங்கள் என்று கேட்டபோது சிலருக்குத் தன்னுடையது எது என்றே தெரியாது. பெனொக்பர்னில் வில்சன் கம்பனி நெய்து இலக்கம் போட்டு விற்ற டிசைன்களுக்குப் பிறகு குலப் பெயர் வந்தது. 1842இல் சோபியெஸ்கி ஸ்டுவர்ட் என்று தங்களுக்குப் பெயர் வைத்துக்கொண்ட இரண்டு சகோதரர்கள் வெளியிட்ட டார்ட்டன் புத்தகம் மோசடி. எல்லாம் உண்மை. இதெல்லாம் தெரிந்த பிறகும் ஒருவர் அதை உடுத்திக்கொண்டு தெருவில் இறங்கினால் எப்படி உடுத்துவார் என்பதுதான் எனக்கு முக்கியம்.

இங்கே நான் கொஞ்சம் ஸ்கூல் கதை சொல்லணும். நான் பள்ளிக்கூட பேண்டில் சைட் ட்ரம் அடித்தவன். வெள்ளைக் காற்சட்டை, வெள்ளைச் சேட், குறுக்கே ஒரு சிவப்புப் பட்டி. ஒரு விளையாட்டுப் போட்டி அணிவகுப்பில் என் பட்டியின் சேஃப்டிபின் கழன்றது. பட்டி ட்ரம் மேல் விழ, நான் ஒரு கையால் அதைத் தள்ளிக்கொண்டு மறுகையால் அடிக்க, தாளம் போய், எனக்குப் பின்னால் வந்த வரிசையே கால் மாறியது. சரியாகக் குத்தாத ஒரு பின்னால் முப்பது பேர் நடை குழம்பியது. அன்றிலிருந்து அணிவகுப்பு உடுப்பை நான் அழகு விஷயமாகப் பார்ப்பதில்லை.

கில்ட்டும் அப்படித்தான். நல்ல கில்ட்டுக்கு 8 யார் அளவு கம்பளித் துணி போகும். அம்மாவின் சேலையை விடக் கூட. அதில் பெரும்பகுதி பின்னால் மடிப்புகளுக்குள் போய்விடும், முன்னால் இரண்டு தட்டையான தலைப்பு மட்டும் ஒன்றின் மேல் ஒன்று. துணி பாரமாக இருந்தால்தான் நடக்கும்போது மடிப்பு விரிந்து திரும்பி வந்து சேரும். மெல்லிய பொலியெஸ்டர் துணியில் அந்த ஆட்டம் வராது, காற்றில் பறக்கும், அவ்வளவுதான். மடிப்பு வைக்கிறதிலும் இரண்டு விதம். டார்ட்டன் கட்டம் பின்னாலும் குலையாமல் தொடரும்படி மடிப்பது ஒன்று. ஒரே கோடு ஒவ்வொரு மடிப்பின் நடுவிலும் வரும்படி மடிப்பது மற்றது, இதைத்தான் ரெஜிமெண்டுகளில் கூடக் காணலாம். இரண்டாவதில் நடக்கும்போது நிறம் மாறி மாறி மின்னும். தூரத்திலிருந்து பார்க்கிறவனுக்காக யாரோ ஊசி பிடித்து யோசித்திருக்கிறார்கள்.

உடுத்தும்போது பெரும்பாலானவர்கள் விடுகிற பிழை, டெனிம் மாதிரி இடுப்பெலும்பில் கட்டுவது. கில்ட் தொப்புள் மட்டத்தில் நிற்க வேண்டும், கீழ் ஓரம் முழங்கால் சில்லின் நடுவுக்கு வர வேண்டும். கீழே இறங்கினால் பாவாடை என்று சொல்கிறவனுக்கு நீங்களே வாய் கொடுக்கிறீர்கள், மேலே ஏறினால் நாலாம் ஜோர்ஜ். மடிப்பு எப்போதும் பின்னால். இதைச் சொல்லணுமா என்று கேட்காதீங்க, முன்னுக்கு மடிப்பு வைத்துக் கட்டியவர்களின் படம் ஏராளமாக இருக்கிறது. முன் தலைப்பில் குத்துகிற பின் மேல் தலைப்பில் மட்டும். இரண்டையும் சேர்த்துக் குத்தினால் கால் எடுத்து வைக்கும்போது துணி இழுபட்டுக் கிழியும். ஸ்போரன் என்கிற அந்தத் தோல் பை பெல்ட்டுக்குக் கீழே ஒரு கையகலம் விட்டு நடுவில். கால்மேசு முழங்கால் சில்லுக்கு மூன்று விரல் கீழே, இரண்டு காலும் ஒரே உயரம்.

பிளெய்ட்தான் கஷ்டமானது. பைப் வாசிக்கிறவர் போடுகிற முழுப் பிளெய்ட் மார்பைச் சுற்றி, வலக் கையின் கீழால் போய், இடத் தோளுக்கு மேல் ஏறிப் பின்னால் தொங்கும். இடத் தோளில் புரூச். பைப்பின் நீளக் குழல்கள் சாய்வதும் அதே இடத் தோளில்தான். கட்டு தளர்ந்தால் குழல் நழுவும், குழல் நழுவினால் பையின் அழுத்தம் மாறும், அழுத்தம் மாறினால் சுருதி போகும். என்னுடைய சேஃப்டிபின் கதைதான் மறுபடியும். விருந்துக்குப் போடுகிற சின்னப் பிளெய்ட் வேறு, அது தோளில் குத்தித் தொங்கவிடுகிற ஒரு சதுரத் துணி. அதைப் போட்டுக்கொண்டு பேண்டுக்கு வந்தால் பழகியவர்கள் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள்.

இதை எல்லாம் தெரிந்துகொள்வது பிரபுத்தனம் இல்லையா என்று கேட்கலாம். இல்லை. பிரபுத்தனம் வேறு இடத்தில் இருக்கிறது, "உன் குடும்பப் பெயர் என்ன, உனக்கு எந்த டார்ட்டன் உரிமை" என்று கேட்கிற இடத்தில். நியூயோர்க்கில் ஏப்ரல் மாதம் நடக்கிற டார்ட்டன் நாள் ஊர்வலங்களைச் சுற்றி இந்த இரத்த உரிமைப் பேச்சு நிறையவே இருக்கும். அந்த உரிமைக்கு வயது 200 வருடம், அதுவும் வில்சன் கம்பனி இலக்கத்திலிருந்து வந்தது என்பதை மேலே பார்த்தோம். மலேசியாவில் சீக்கிய இளைஞர்களின் ஸ்ரீ தஸ்மேஷ் பைப் பேண்ட் தலைப்பாகையும் கில்ட்டுமாக 2019 கிளாஸ்கோ உலகப் போட்டிவரை போனது. அவர்களுடைய மேசு உயரத்தையும் மடிப்பையும் பாருங்கள், பிறகு செம்மயிர் விக் ஒட்டின டார்ட்டன் தொப்பி போட்டுக்கொண்டு உதைபந்தாட்டம் பார்க்கப் போகிறவரைப் பாருங்கள். யார் அந்த உடுப்புக்கு மரியாதை கொடுத்தது?

இப்போ மூன்றாமவன். அடிமைப் புத்தி.

மச்சான், நீ சொன்னதில் பாதி சரி. பெரட்டு என்கிற சொல்லே பரேட்தான். விடிய முன்னம் தப்பு அடிச்சு லயத்திலிருந்து எழுப்பி, பெரட்டுக்களத்தில் வரிசையாக நிக்க வச்சு, பேர் கூப்பிட்டு மலைக்கு அனுப்புவாங்க. என் பாட்டி முப்பது வருஷத்துக்கு மேல் அந்த அணிவகுப்பில் நின்றவங்க. அங்கே கைதட்ட ஆள் இல்லை. எங்கள் தோட்டத்துக்கு ஒரு ஸ்கொட்லாந்துப் பெயர். பக்கத்துத் தோட்டத்துக்கும் அப்படித்தான். டன்சினன், பெல்மோரல், எடின்பரோ என்று மலைநாட்டு வரைபடம் முழுக்க அவர்கள் ஊர் ஏக்கம். 1867இல் லூல்கந்துராவில் 19 ஏக்கரில் தேயிலை வைத்த ஜேம்ஸ் டெய்லரும் ஸ்கொட்லாந்துக்காரர்தான். ஆனால் அவர் ஹைலண்ட் தலைவர் வீட்டுப் பிள்ளை இல்லை. கின்காடின்ஷயர்க்காரர், வண்டிச் சக்கரம் செய்கிறவரின் மகன், 16, 17 வயதில் கப்பல் ஏறியவர். இதனால் துரைமார் செய்தது குறைந்துவிடாது. ஊரில் நிலம் இல்லாதவன் இங்கே வந்து துரை ஆனான் என்பது மன்னிப்பு இல்லை, அது இன்னும் மோசமான கதை. நான் சொல்ல வருவது, ஸ்கொட்லாந்து என்று ஒரே ஆளாக ஒருத்தன் இல்லை என்பதைத்தான். கூரைக்கு நெருப்பு வைத்தவனும் ஸ்கொட்லாந்து. எரிந்த வீட்டிலிருந்து போர்வையோடு ஓடியவளும் ஸ்கொட்லாந்து. நான் வாயைப் பிளந்து பார்த்தது அந்தப் போர்வையை.

எங்களுக்கும் ஒரு போர்வை இருந்தது. கம்பளி. வெள்ளைக்காரன் கம்ப்ளி என்று கணக்கில் எழுதினது. மழை, பனி, அட்டை, எல்லாத்துக்கும் அதுதான். தலையில் கொங்காணி மாதிரி மடித்துப் போட்டு, மேலே கூடைக் கயிறு, இடுப்பில் படங்கு. இராத்திரி அதே கம்பளிதான் பிள்ளைகளுக்குப் போர்வை. பகலில் உடுப்பு, மழையில் மூடி, இரவில் படுக்கை என்று ஹைலண்ட் பிளெய்ட்டைப் பற்றி வாசித்தபோது எனக்குத் தெரிந்தது பாட்டிதான். அரிசியும் கம்பளியும் முன்கூட்டியே கொடுத்துச் சம்பளத்தில் கழிப்பது பழைய தோட்ட வழக்கம். அதனால் அதை யாரும் பாசமாக நினைக்கவில்லை, கடனாகத்தான் நினைத்தார்கள்.

அவர்கள் போர்வைக்கு யாரோ கொசுவம் வைத்தார்கள். வைத்தவர்களில் திருடர்களும் இருந்தார்கள், அரசனுக்குப் பல்லிளித்தவர்களும் இருந்தார்கள், அதையும் தாண்டி அது இன்றைக்கு ஒரு சாதாரண பஸ் டிரைவரோ டீச்சரோ சனிக்கிழமை பேண்ட் பழக்கத்துக்குப் போகும்போது அக்கறையாகக் கட்டுகிற உடுப்பாகிவிட்டது. நம்ம கம்பளிக்கு யாரும் கொசுவம் வைக்கல. 2023இல் மலையகத் தமிழர் வந்து 200 வருடம் என்று தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தோமே, அந்த நடையைப் பற்றி எவ்வளவோ எழுதினோம், கோரிக்கைகள் எழுதினோம், எழுத வேண்டியவைதான். எதை உடுத்திக்கொண்டு நடப்பது என்று நாம் யோசித்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். ஏதாவது விழா என்றால் கொழுந்துக் கூடையைப் பிள்ளைகள் முதுகில் மாட்டி, பளபளப்பான சேலையில் ஆடவிடுகிறோம். கூடை வெறும் கூடை, உள்ளே நாலு இலை. சுற்றுலா விளம்பரத்தில் வருகிற அதே படம். அதைவிட முழங்கால் தெரியாத கால்சட்டை போட்ட நாலாம் ஜோர்ஜ் பரவாயில்லை.

இதை எழுதத் தொடங்கினதுக்கு அப்புறம் அம்மாவுக்கு கோல் எடுத்தேன். பாட்டியோட கம்பளி இருக்கா என்று கேட்டேன். "எதுக்குப்பா இப்ப அது? பாதி எலி கடிச்சிருச்சு. மிச்சத்த வெட்டி மேசை மேல விரிச்சிருக்கேன், இஸ்திரி போட" என்றாங்க. பள்ளிக்கூட பேண்டுக்குப் போகிற ஒவ்வொரு நாளும் என் வெள்ளைக் காற்சட்டையை அம்மா அந்தத் துண்டு மேல வச்சுத்தான் இஸ்திரி போட்டுத் தந்தாங்க. மடிப்பு நல்லா நிக்கும்.